ஹெபடைடிஸ் சி சிகிச்சையும் ஷிப்ட் வேலையும்: சோர்வு, சம்பளம், உரிமை

ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, டயாலிசிஸ் கருவி, பச்சை குத்தும் ஊசி, பலருக்கும் போட்ட ஒரே சவர பிளேடு, பரிசோதனை கட்டாயமாவதற்கு முன் ஏற்றப்பட்ட ரத்தம் ஆகியவை வழக்கமான வழிகள். தொற்றியவர்களில் ஏறக்குறைய 100க்கு 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே அகன்றுவிடும். மற்றவர்களின் உடலில் அது பல ஆண்டுகள் சத்தமில்லாமல் தங்கி, சிலருக்குக் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுகிறது. இந்தியாவில் 2022இல் சுமார் 55 லட்சம் பேர் இந்தத் தொற்றுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கும் பேரிகை போன்ற ஊரில் இந்த நோய் முதலில் மருத்துவப் பிரச்சினையாகத் தெரிவதில்லை, வேலைப் பிரச்சினையாகவே தெரிகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்தப் பகுதியிலிருந்து ஒரு பகுதியினர் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். இன்னொரு பகுதியினர் எல்லை தாண்டி கர்நாடகத்தின் மாலூர், நரசாபுரா பக்கம் போகிறார்கள். மீதிப் பேர் தக்காளித் தோட்டத்திலும் ரோஜாக் கொட்டகையிலும் வேலை செய்கிறார்கள். நோய் தெரிந்ததும் இவர்களில் பலருக்கும் எழும் முதல் கேள்வி, வேலைக்குப் போக முடியுமா என்பதுதான்.

பெரும்பாலோருக்குப் பதில், முடியும் என்பதே. பழைய சிகிச்சையைப் பற்றிய பயம் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை வாரம் ஓர் இன்டர்ஃபெரான் ஊசியும் தினமும் ரிபாவிரின் மாத்திரையும் 24 அல்லது 48 வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஊசி போட்ட அன்று இரவே காய்ச்சல், உடல்வலி, நடுக்கம் வரும். வாரங்கள் போகப் போக ரத்தசோகையும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். வேலையை விட்டவர்கள் அன்று நிறையப் பேர். அத்தனை அவஸ்தைக்குப் பிறகும், வைரஸின் வகையைப் பொறுத்து ஏறக்குறைய பாதி முதல் முக்கால் பங்கினரே குணமானார்கள்.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் இந்த நிலைமையை மாற்றியது. அங்கே 12 வாரச் சிகிச்சைக்கு அதன் விலை 84,000 டாலர். 2014 செப்டம்பரில் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்ததும் இங்கே விலை பல மடங்கு இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இன்று பரிசோதனையும் மாத்திரையும் அரசு மையங்களில் இலவசம். கல்லீரல் சுருக்கம் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிரும் டக்லட்டாஸ்விரும் 12 வாரம் தரப்படுகின்றன. சுருக்கம் தொடங்கியவருக்கு சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் 12 வாரம். சுருக்கம் முற்றியவருக்கு இதோடு ரிபாவிரின் சேரும், அல்லது சிகிச்சை 24 வாரமாக நீளும். குணமாகும் விகிதம் 95 சதவீதத்துக்கு மேல்.

சோர்வு இந்த மாத்திரைகளால் வருகிறதா? 2015இல் வெளியான ஆஸ்ட்ரல்-1 ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் எடுத்தவர்களில் 100க்கு 20 பேர் சோர்வு என்றார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 100க்கு 20 பேர் அதையே சொன்னார்கள். அப்படியானால் சோர்வின் பெரும்பகுதி மாத்திரையில் இல்லை, ஏற்கெனவே உடலில் இருக்கிறது. கல்லீரல் கெடுவதற்கு முன்பே ஆளை அசத்திப்போடும் இயல்பு இந்த வைரஸுக்கு உண்டு. நோய் தெரிவதற்கு முன்னால் பல மாதங்கள் சோம்பேறி என்றும் முன்புபோல் ஆள் இல்லை என்றும் பேச்சு வாங்கியவர்களில் பலருக்கும் அதற்கு வைரஸே காரணமாக இருந்திருக்கலாம்.

ஆனாலும் எல்லாச் சோர்வையும் வைரஸின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ரத்தசோகை, சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகிய ஐந்தும் கூடவே இருக்கலாம், ஐந்துக்கும் வைத்தியம் உண்டு. பெண் தொழிலாளர்களிடம் ரத்தசோகை ஏற்கெனவே பரவலாக இருப்பதால் சிகிச்சை தொடங்கும்போதே ஹீமோகுளோபின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ரிபாவிரின் சேர்ந்தவர்களுக்கு இந்த அளவு முதல் நான்கு வாரங்களிலேயே இறங்கக்கூடும். படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் அடுத்த மாதத் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரிபாவிரின் எடுப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும், சிகிச்சையின்போதும் முடிந்து குறைந்தது ஆறு மாதங்களுக்கும் கருத்தரிப்பைத் தவிர்ப்பது கட்டாயம்.

ஷிப்ட் மாறி மாறி வரும் வேலையில் மாத்திரை நேரம் தவறுவதுதான் பெரிய ஆபத்து. முதல் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து ஓட வேண்டும், நைட் என்றால் பகலில் தூக்கம். எனவே எந்த ஷிப்டிலும் விழித்திருக்கக்கூடிய ஒரு நேரத்தைத் தேர்ந்து, 12 வாரமும் அதையே கடைப்பிடிப்பது நல்லது. பலருக்கு மாலை ஐந்து, ஆறு மணி ஒத்துவரும். இரண்டாம் ஷிப்டில் இருப்பவர் டீ இடைவேளையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு வேளை மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கூடாது. சோர்வாக இருக்கிறது என்று தானாக மாத்திரையை நிறுத்துபவர், குணமாகும் வாய்ப்பைக் கைவிடுவதோடு மருந்துக்கு மசியாத வைரஸையும் வளர்க்கக்கூடும்.

கேன்டீன் சாப்பாடு, நைட் ஷிப்ட் டீ, நெஞ்செரிச்சல், உடனே மருந்துக்கடையில் ஒரு கேஸ் மாத்திரை. இது தொழிற்பேட்டைகளில் சகஜம். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அந்த மாத்திரைகள் வெல்பட்டாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. அமிலத்தைத் தணிக்கும் சிரப்புக்கும் வெல்பட்டாஸ்விர் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை சிகிச்சையையே பலனற்றதாக்கும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிரால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரையின் அட்டைகளையும் முதல் நாளே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கீழாநெல்லி உள்ளிட்ட நாட்டு மருந்துகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றை நம்பி மாத்திரையை விடுவது தவறு. மதுவை அறவே விலக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இந்தச் சிகிச்சையின்போது அது மீண்டும் தலைதூக்கலாம் என்பதால் அந்தப் பரிசோதனையும் முன்கூட்டியே நடக்க வேண்டும்.

வேலையிடத்தில் சோர்வு எல்லா நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஷிப்டின் முதல் பாதியில் சமாளித்துவிடும் உடல், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கனக்கத் தொடங்கும். கால் கனக்கும், கண் சொருகும், கை அரை நொடி தாமதிக்கும். பேக்கிங் மேசையில் அந்த அரை நொடியால் பெரிய நஷ்டமில்லை. பவர் பிரஸ்ஸில் அது விரலின் விலை. பிரஸ், ஃபோர்க்லிஃப்ட், உயரத்தில் செய்யும் வேலை ஆகியவற்றிலிருந்து சில வாரங்களுக்கு மாற்றம் கேட்பது சலுகை கேட்பதாகாது, அது விபத்துத் தடுப்பு. இலகுவான வேலை தரலாம் என்று மருத்துவர் எழுதித் தரும் ஒரு வரி, வாயால் கேட்கும் பத்து வேண்டுகோள்களைவிடப் பலிக்கும். நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்ற விதி 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்தில் வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கொட்டகைக்குள் ரோஜா அறுப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் கடின வேலையை முடித்துவிடுவதும், பூச்சிமருந்து தெளிக்கும் வேலையை இந்த மூன்று மாதம் பிறரிடம் விடுவதும் நல்லது. ஓ.டி. எனப்படும் கூடுதல் நேர வேலையைக் குறைத்து அந்த நேரத்தில் தூங்குவது எந்த டானிக்கைவிடவும் பலன் தரும். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது சோர்வைக் கூட்டும், தினமும் சிறிது நடை அதைக் குறைக்கும்.

அடுத்தது சம்பளம். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வரும் நிறுவனத்தின் தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. மருத்துவர் ஓய்வுச் சான்று தந்த நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாட்கள். தினம் 600 ரூபாய் சராசரி உள்ளவருக்கு 420 ரூபாய் கிடைக்கும். முதல் இரண்டு நாட்களுக்குத் தொகை இல்லை. ஆனால் முந்தைய ஓய்வு முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் ஓய்வு தேவைப்பட்டால் அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது. இதைப் பெற, உரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரையிலான நோய்க்குப் பயன்படும்.

எல்லைப் பகுதித் தொழிலாளி ஏமாறும் இடம் இந்த 78 நாள் கணக்குதான். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிய காப்பீட்டு எண் உருவாக்கிவிடுகிற வழக்கம் உண்டு. ஓசூரில் மூன்று மாதம், மாலூரில் மூன்று மாதம் என்று வேலை செய்தவருக்கு இரண்டு எண்கள் இருந்தால் இரண்டிலும் 78 நாள் சேராமல் போகலாம். ஈ.எஸ்.ஐ. மத்திய அமைப்பு, மாநில எல்லை அதற்குத் தடையில்லை. ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே பத்து இலக்க எண்தான். பழைய எண்ணைப் புதிய காண்ட்ராக்டரிடம் முதல் நாளே எழுதிக் கொடுப்பதும், இரண்டு எண்கள் விழுந்திருந்தால் கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து ஒன்றாக்குவதும் தொழிலாளியின் பணத்தைக் காக்கும். காண்ட்ராக்டர் சந்தா கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான கம்பெனியே பொறுப்பு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம்.

நோய் முற்றியவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 34 நீண்டகால நோய்களுக்கு ஈ.எஸ்.ஐ. தரும் நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை தினக்கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள்வரை. வயிற்றில் நீர் கோத்த கல்லீரல் சுருக்கமும் நாள்பட்ட தீவிர ஹெபடைடிஸும் அந்தப் பட்டியலில் உள்ளன. இதற்கு இரண்டு ஆண்டுகள் பணியில் இருந்து, அந்த நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பதே தெரியாமல் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருப்பவர்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

வேலை பறிபோகும் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. நோய்க்கால உதவி பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளதால், மனு எழுதும்போது இன்றைய பிரிவு எண்ணைக் கிளை அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ கேட்டு எழுதுவது நல்லது. மறுபக்கம், தொடர்ந்த உடல்நலக் குறைவு என்று காட்டி ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பாகக் கருதப்படாது, அதற்குரிய இழப்பீடும் கிடையாது. 12 வாரத்தில் குணமாகும் நோயை அந்த வரையறைக்குள் திணிப்பது அநியாயம். அதை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் காலம் கடத்தாமல் முறையிடலாம். ஆலைத் தொழிலாளிக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு, தொலைபேசி எண் 15100. எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2017இல் தனிச் சட்டம் வந்தது. ஹெபடைடிஸ் சி உள்ளவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இது நிரப்பப்பட வேண்டிய பெரிய ஓட்டை.

ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் தோட்ட வேலையாள், லோடுமேன், கட்டட மேஸ்திரி ஆகியோருக்குச் சிகிச்சை இலவசம்தான், ஆனால் இழந்த கூலியை ஈடுகட்ட ஈ.எஸ்.ஐ. தருவதுபோன்ற உதவித்தொகை இல்லை. மாத்திரை 28 நாட்களுக்கு என்ற கணக்கில் தரப்படுவதால், மாவட்ட மையத்துக்குப் போகும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியைத் தின்கிறது. ரத்தப் பரிசோதனையையும் மாத்திரை வாங்குவதையும் ஒரே நாளில் முடித்துத் தரும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். எங்கே போக வேண்டும் என்ற தகவலை 104 எண்ணில் கேட்கலாம்.

நோயின் பெயரைச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் தொழிலாளிக்கு இல்லை. கம்பெனி மருத்துவரும் மருத்துவர்தான், நோயாளியின் ரகசியத்தைக் காக்க 2002 மருத்துவ நெறி விதிமுறைகள் அவரையும் கட்டுப்படுத்தும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கைகுலுக்குவதாலும் இருமலாலும் கழிப்பறையாலும் இந்த வைரஸ் பரவாது. கேன்டீனில் தனி டம்ளர் வைப்பது அறியாமை. கை வெட்டுப்பட்டால் காயத்தை மூடுவதும், சிந்திய ரத்தத்தைக் கையுறை போட்டு பிளீச்சிங் கரைசலால் துடைப்பதும் யாருடைய ரத்தமானாலும் செய்ய வேண்டியவை.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இல்லையென்றால் நோய் குணமாகிவிட்டது. பலருக்குச் சோர்வும் மெல்ல விலகும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் ஆன்டிபாடி சோதனை அதன் பிறகும் ஆயுள் முழுக்க பாசிட்டிவ் என்றே காட்டும். புதிய கம்பெனியின் மருத்துவத் தேர்வில் அதைப் பார்த்துவிட்டு, குணமானவரையே நோயாளி என்று திருப்பி அனுப்ப வாய்ப்பிருக்கிறது. ஆர்.என்.ஏ. அறிக்கையின் அசலைப் பத்திரப்படுத்தி நகலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கல்லீரல் சுருக்கம் வந்துவிட்டவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒருமுறை குணமானது எதிர்ப்புச் சக்தி தராது, தொற்று மறுபடியும் வரலாம்.