பதினான்கு மில்லிமீட்டர், எட்டு வருடம்

வெயிலில் இறங்கியதும் பிள்ளை ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். களைத்துப்போனால் ஒரு கருவிழி காதுப் பக்கம் ஒதுங்கும், கூப்பிட்டதும் நேராகிவிடும். விட்டுவிட்டு வரும் வெளிப்புற மாறுகண் இது. ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்று நம் வீடுகளில் தள்ளிப்போடுவார்கள். மருத்துவரோ முப்பட்டகக் கண்ணாடியை வைத்து அளப்பார். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் விலகினால் ஓர் அலகு. 30 அலகு என்றால் சுமார் 17 டிகிரி.

பாடநூல் அட்டவணைப்படி 30 அலகுக்கு இரு கண்ணிலும் காதுப் பக்கத் தசையைப் பிரித்து, 7 மி.மீ. பின்தள்ளித் தைக்க வேண்டும். 20 அலகுக்கு 5 மி.மீ., 40க்கு 8.

கணக்கு வாத்தியார் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். கண்ணின் குறுக்களவு 24 மி.மீ., சுற்றளவு சுமார் 75. அப்படியானால் ஒரு மி.மீ.க்குக் கிட்டத்தட்ட 5 டிகிரி. இரு கண்ணிலுமாக 14 மி.மீ. தள்ளினால் 67 டிகிரி திரும்பியிருக்க வேண்டும், கிடைப்பது 17தான். தசையைப் பின்னே தைப்பது கயிற்றைத் தளர்த்துவது போன்றது, கண்ணை உருட்டிவிடுவதல்ல. மிச்சத்தை எதிர்ப்பக்கத் தசையும் மூளையும் பார்த்துக்கொள்கின்றன. கை அனுபவத்தில் எழுந்த அட்டவணை அது. 1839இல் பெர்லினில் டீஃபன்பாக் உள்நோக்கிய மாறுகண்ணுக்குச் செய்த முதல் அறுவையில் இந்த அளவெல்லாம் கிடையாது, தசையை வெட்டிவிட்டார். அந்த முறையில் வெட்டுண்ட பல கண்கள் பின்னாளில் வெளிப்பக்கம் போய்விட்டன.

மில்லிமீட்டர் கணக்கு இப்படி. வருடக் கணக்கு இன்னும் கறார். அமெரிக்காவின் குழந்தைக் கண்நோய் ஆய்வுக் குழு, 3 முதல் 10 வயதுவரையிலான, இதே மாறுகண் உள்ள 197 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது. 101 பேருக்கு இரு கண்ணிலும் காதுப் பக்கத் தசையைத் தளர்த்தினார்கள். 96 பேருக்கு ஒரே கண்ணில் காதுப் பக்கத் தசையைத் தளர்த்தி, மூக்குப் பக்கத் தசையைச் சற்று வெட்டிக் குறுக்கினார்கள். மூன்று வருடத்தில் திருப்தியற்ற முடிவு முதல் முறையில் 46 சதவீதம், இரண்டாவதில் 37. எட்டு வருடத்தில் அதே எண்கள் 68, 53. மறு அறுவை 30 சதவீதம், 11 சதவீதம்.

‘திருப்தியற்ற’ என்றால் பிள்ளைக்குப் பார்வை போய்விட்டது என்று பதற வேண்டாம். கண் மீண்டும் 10 அலகோ மேலோ வெளியே போனாலும், உள்ளே நிலையாகத் திரும்பினாலும், ஆழம் உணரும் பார்வை குறைந்தாலும் அந்தக் கணக்கில் சேரும். முதல் சில வாரம் கண் நேராக நிற்பதை வைத்து ‘வெற்றி’ என்று எழுதிவிட்டால் இந்தக் கணக்கே இருக்காது. எட்டு வருடத்தில் இரு முறைகளுக்கும் நடுவிலுள்ள 15 சதவீத வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் எட்டாம் வருடத்தில் முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ சரியானவர்கள் முதல் முறையில் 15 சதவீதம், இரண்டாவதில் 37 என்கிறபோது, நான் இரண்டாவது முறை பக்கமே சாய்வேன்.

சிகிச்சை எதுவுமின்றிக் கவனித்து மட்டும் வந்த 183 பிள்ளைகளில், மூன்று வருடத்தில் மோசமானவர்கள் சுமார் 15 சதவீதம். அங்கே ‘மோசம்’ என்பதற்கு அளவுகோல் வேறு. 46இலிருந்து 15ஐக் கழித்துப் பார்க்க முடியாது. ஆனால் அடுத்த வாரமே அறுவைக்குத் தேதி கேட்டு நிற்கும் பெற்றோரிடம் இந்த எண்ணை முதலில் சொல்லலாம்.