கீல்பலகை விண்மீன் பின்தொடரி

கீல்பலகை விண்மீன் பின்தொடரி என்பது, விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் எளிய கருவி ஆகும். ஆங்கிலத்தில் இது பார்ன் டோர் டிராக்கர் எனப்படுகிறது. ஜார்ஜ் ஹெய்க் உருவாக்கிய இதன் செய்முறை 1975 ஏப்ரலில் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் வெளியானது.

தேவை
புவி சுழல்வதால் விண்மீன்கள் 4 நிமிடத்தில் சுமார் 1 பாகை நகர்வதாகத் தோன்றும். அசையாத கேமராவில் நீண்ட நேரம் படம் பிடித்தால், அவை புள்ளிகளாக அன்றிக் கோடுகளாகப் பதியும்.

அமைப்பு
இரு மரப்பலகைகள் ஒரு பக்கத்தில் கதவுக்கீலால் இணைக்கப்படும். கீழ்ப்பலகை முக்காலியிலும், கேமரா மேற்பலகையிலும் பொருத்தப்படும். கீழ்ப்பலகை வழியாகச் செல்லும் மரையாணியைத் திருகினால் மேற்பலகை மெல்ல உயரும். வடஅரைக்கோளத்தில், கீலின் அச்சு துருவ விண்மீனை நோக்கியும், வடக்கு நோக்கி நிற்பவருக்குக் கீல் இடப்புறமாகவும் இருக்க வேண்டும். துருவ விண்மீனின் உயரம் ஏறத்தாழ அவ்விடத்தின் அகலக்கோட்டு அளவாகும். சென்னையில் சுமார் 13 பாகை.

முக்கிய அளவு
சாதாரண 6 மி.மீ. மரையாணி ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. முன்னேறும். வானம் 1 நிமிடத்தில் கால் பாகை திரும்பும். 228.5 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் கால் பாகைக்குரிய வில்லின் நீளம் 1 மி.மீ. ஆகும். எனவே கீலின் மையத்திலிருந்து 228.5 மி.மீ. தொலைவில் ஆணியைப் பொருத்தி, நிமிடத்திற்கு ஒரு சுற்று சீராகத் திருப்ப வேண்டும். இத்தொலைவு தவறினால், எவ்வளவு கவனமாகத் திருப்பினாலும் படத்தில் கோடுகள் விழும்.

வரம்பு
ஆணி நேராகவும் பலகை வட்டவில்லிலும் செல்வதால், நேரம் கூடக்கூடப் பிழை வளரும். ஆகவே இது சில நிமிடப் படங்களுக்கும் அகன்ற கோண லென்சுகளுக்கும் ஏற்றது. வில்லாக வளைத்த மரைத்தண்டைப் பயன்படுத்தி இப்பிழையைத் தவிர்க்கலாம்.