பாஸ்புக்கில் யார் பெயர்?

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கண்காட்சிகளில் பெயரும் இருக்கிறது. நெய்வதற்குத்தான் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. காரணம் கேட்டால், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது” என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இதே தாமிரபரணிக் கரையில், இதே வயதுப் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் செய்கிற வேலையா அது?

பீடி நல்ல தொழில் என்று சொல்ல வரவில்லை. புகையிலைத் தூள் நெஞ்சில் ஏறும், கூலியும் அற்பம். ஆனால் பீடிக் கடையில் இலை, தூள், நூலோடு ஒரு பாஸ்புக்கும் கொடுப்பார்கள். அதில் பெயர் ஏறிவிட்டால் பி.எப். உண்டு, போனஸ் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் “பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா, கார்டு இருக்கா?” என்று கேட்ட ஊர்கள் இவை. பாய் நெசவில் நிலைமை வேறு. கோரையைக் கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு நயம் பாயை முடித்தால் பாய்க்குரிய கூலி கைக்கு வரும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. முதுகு வலித்துத் தறியை விட்டு எழுந்தால் அன்றோடு வருமானமும் போயிற்று. கூலியோடு முதுமைக்கும் நோய்க்கும் ஏதாவது சேர்த்துத் தருகிற வேலையில்தான் ஆள் நிற்கும்.

அந்தப் பி.எப். சும்மா வந்துவிடவில்லை. 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டது. 1977இல் பி.எப். சட்டம் பீடித் தொழிலுக்கு நீட்டிக்கப்பட்டபோது, வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று கம்பெனிகள் வழக்காடின. 1985இல் பி.எம். படேல் அண்ட் சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பீடியைப் பார்த்து, இது தேறாது என்று ஒதுக்கும் அதிகாரம் கம்பெனியிடம் இருக்கிறதல்லவா? மேற்பார்வை என்பது அதுதான் என்றது நீதிமன்றம். பெண்கள் நொந்துகொள்கிற அந்தக் கழிவே அவர்களுக்குச் சாட்சியாக நின்றது.

இன்று பீடித் தொழிலில் கூலியில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே 10 சதவீதம் கட்ட வேண்டும். கம்பெனியின் பங்கையும் உங்கள் கூலியிலேயே கழிப்பது குற்றம். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. “இப்ப பேரு சேக்க முடியாது, அக்கா புக்குல போட்டுச் சுத்து” என்று கடையில் சொல்வார்கள். தங்கை வருடக்கணக்கில் சுற்றுவாள், கணக்கெல்லாம் அக்கா பெயரில் ஏறும். பி.எப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணி வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான் என்றாலும் அது சாகும்வரை வரும். பணியில் இருக்கும்போதே உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. புக்கில் பெயர் இல்லாத தங்கைக்கு இரண்டுமே இல்லை. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கும்கூட அவளுடைய பெயரில் அடையாள அட்டை இருந்தாக வேண்டும்.

ஆளைப் பிடித்துவைக்க இன்னொரு வழியும் நம் பக்கம் இருந்தது. பஞ்சாலைகளுக்கு நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்பிள்ளைகளை அழைத்துப் போன ‘சுமங்கலித் திட்டம்’ அது. மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். மாதா மாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்துத்தான் பல இடங்களில் அந்த மொத்தத்தைக் கொடுத்தார்கள். நோய்வாய்ப்பட்டு இடையில் திரும்பியவர்களில் பலர் அதையும் இழந்தார்கள். முன்பணமும் இப்படித்தான். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கடன் தீரும்வரை வேறு இடம் போகக்கூடாது என்று ஒருவரை வைத்திருந்தால் அது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அதற்கு வருவாய்க் கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம். அந்தக் கடனைச் சட்டமே ரத்து செய்துவிடுகிறது. வேலையை விட்டுப் போனாலும் கூடவே வருவதுதான் உண்மையான சலுகை. பி.எப். கணக்கு அப்படி வரும். தீபாவளிக்குக் கொடுக்கும் சேலையும் இனிப்பும் பிரியத்தில் தருவது. சட்டப்படி வரவேண்டிய 8.33 சதவீத போனஸுக்கு அது ஈடாகாது.

பாய் வியாபாரிகளுக்கும் தறி வைத்து ஆள் போட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது பேருக்குக் குறைவாக இருந்தால் பி.எப். கட்டாயமில்லை என்பது சரிதான். ஆனால் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சம்மதித்தால் நீங்களாகவே சேரலாம். அது இப்போதைக்கு முடியாதென்றால் சின்னதாகத் தொடங்குங்கள். வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறது; 50 வயது வரை உள்ளவர்களுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு இருக்கிறது. ஒரு நெசவாளருக்கு வருடம் 456 ரூபாய். ‘ஆள் நிற்கவில்லை’ என்று சொல்வதற்கு முன் இந்தத் தொகையை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலாளி என்று ஒருவரே இல்லாமல் வீட்டில் நெய்பவர்கள் தமிழக அரசின் கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். 18 முதல் 60 வயது வரை சேரலாம், கட்டணம் கிடையாது. திருநெல்வேலியில் தொழிலாளர் உதவி ஆணையரின் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகம்தான் இதற்கு உரிய இடம். நாற்பது வயதுக்கு உட்பட்டு, பி.எப். இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியம் உண்டு. 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய் நீங்கள் கட்ட, அரசும் 100 ரூபாய் போடும். அறுபதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் வரும்.

பீடி சுற்றுகிறவர்கள் உங்கள் பி.எப். கணக்குக்கான யுஏஎன் எண்ணைக் கடையில் கேட்டு வாங்குங்கள். அதோடு இணைத்த செல்போனிலிருந்து 99660 44425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று குறுஞ்செய்தி வரும். ஆதாரில் ஒரு விதமாகவும் பி.எப். கணக்கில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் கம்பெனி நடந்துகொண்டிருக்கும்போதே திருத்திவிடுங்கள். மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். வாரிசு நியமனத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மாதந்தோறும் 27ஆம் தேதி பி.எப். அலுவலகம் மாவட்டத்தில் குறைதீர் முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில் நடக்கும். போகும்போது ஆதார், வங்கிப் புத்தகத்தோடு, பழைய பாஸ்புக் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும், அட்டை கிழிந்ததைக்கூட விடாமல், எடுத்துக்கொண்டு போங்கள்.