பாகத்தை மாற்றும் முன் பழுதைக் கண்டுபிடியுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் சிவகங்கை மாவட்டத்தில் டிராக்டருக்கு ஓய்வில்லை. கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும் கலந்த பகுதி இது. புழுதி விதைப்புக்கான உழவை வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் முடித்தாக வேண்டும். செட்டிநாட்டுச் செம்மண்ணிலும் சரளை நிலத்திலும் ஈரம் நிற்பது கொஞ்ச நாள்தான். அந்த நேரத்தில் டிராக்டர் மூன்று நாள் ஒர்க்ஷாப்பில் நின்றால் நட்டம் உதிரிபாகத்தின் விலையோடு போவதில்லை. பட்டமே தவறிவிடும்.

வண்டி நின்றதும் "பேட்டரி போயிருக்கும்", "நாசில் போயிருக்கும்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். புதுசு வாங்கி மாட்டுவோம். மறுநாள் அதே கோளாறு வரும். அடுத்து செல்ப் மோட்டாரை மாற்றுவோம். கடைசியில் தளர்ந்து கிடந்த ஒரு எர்த் ஒயர்தான் காரணம் என்று தெரியும். மாட்டிய மின் பாகத்தைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்.

நமக்குத் தெரிவது அறிகுறி. பழுது அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒரே அறிகுறிக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் செலவில்லாததையும் கைக்கு எட்டுவதையும் முதலில் சோதித்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் லைட், ஒரு நோட்டு, டிராக்டருடன் வந்த கையேடு ஆகியவை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நான்கு கேள்விகள்

ஸ்பானரை எடுக்கும் முன் இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். கோளாறு எப்போது தொடங்கியது? வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகு வருகிறதா? சுமை இல்லாமலும் வருகிறதா, கலப்பை இறங்கினால் மட்டும் வருகிறதா? அதற்குச் சற்று முன் என்ன வேலை செய்தோம், எதை மாற்றினோம், எங்கே டீசல் பிடித்தோம்? கடைசிக் கேள்விக்கான பதிலிலேயே பல பழுதுகள் பிடிபட்டுவிடும். பில்டர் மாற்றிய மறுநாள் வண்டி நின்றால், பில்டர் மாட்டிய இடத்தில் காற்று இழுக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

செல்ப் எடுக்கவில்லையா?

கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு செல்ப் அடியுங்கள். லைட் மங்காமல் அப்படியே எரிந்து, மோட்டாரும் சத்தம் போடவில்லை என்றால் கரன்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை. பியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்ச், சோலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். லைட் அணைந்தே போனால் பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் பிடிக்காமல் இருக்கலாம், அபூர்வமாக இன்ஜினோ மோட்டாரோ இறுகியிருக்கலாம்.

அடுத்து மீட்டர். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி சார்ஜ்தான். 12க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகம் வரலாம். விழாமல் நின்றும் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் ஒயர் பக்கம் போங்கள்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை இன்ஜின் பாடியில் சுரண்டிய இடத்திலும் வைத்து செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் தடை இருக்கிறது. அதேபோல பாசிட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டார் முனை வரையிலும் பாருங்கள். கவ்வியில் முனையை வைக்காமல் ஈயக் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும். கவ்விக்கும் கம்பத்துக்கும் இடையில் உள்ள துருதான் பல நேரம் குற்றவாளி. கவ்வியைக் கழற்றி, வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

உலோக அரிப்பையும் பேட்டரியையும் ஆராய்கிற தேசிய நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அங்கே ஆராய்கிற அரிப்பின் ஒரு சின்ன வடிவம்தான் உங்கள் டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடி.

திறந்து தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு அறைகளையும் பாருங்கள். ஆறும் ஒரே அளவில் குறைந்திருந்தால் சார்ஜ் குறைவு. ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைந்து, சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே நின்றால் அந்த அறை போய்விட்டது, அப்போது மாற்றுங்கள். புது பேட்டரியும் வாரத்துக்கு ஒருமுறை இறங்கினால், இன்ஜின் ஓடும்போது அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பெல்ட் தொய்வைப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருந்து நிற்கிறதா?

அரை மணி நேரம் நன்றாக உழுதுவிட்டு, இழுவை குறைந்து நின்று, சற்று ஓய்ந்த பிறகு மறுபடி ஓடுகிற வண்டிக்கு பம்ப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. முதலில் டீசல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசியில் முடியும் வேலை அது.

மூடி சரி என்றால் டேங்கிலிருந்து டீசல் போகும் திசையிலேயே போங்கள். அடியில் உள்ள கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா? பில்டர் அடைத்திருக்கிறதா? ஏர் எடுக்கும் போல்ட்டைத் தளர்த்தி கைபம்ப் அடித்தால் நுரை நின்று சுத்தமான டீசல் வருகிறதா? எவ்வளவு அடித்தும் குமிழி நிற்காவிட்டால் பம்புக்கு முன்னால் உள்ள குழாய், ரப்பர் ஹோஸ், செம்பு வாஷர் ஆகியவற்றில் எங்கோ காற்று நுழைகிறது. இவ்வளவும் சரி என்ற பிறகுதான் பம்ப், நாசில் பக்கம் போக வேண்டும்.

நாசில் மேல் சந்தேகம் இருந்தால், மாற்றும் முன் மெக்கானிக்கிடம் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் சிலிண்டர் நாசிலை மூன்றாவதில் மாட்டும்போது கோளாறும் மூன்றாவதுக்குப் போனால் பழுது நாசிலில். இரண்டாவதிலேயே நின்றால் வால்வு, பிஸ்டன் ரிங் பக்கம். புதுப் பாகம் வாங்காமலே விடை கிடைத்துவிடும். பழைய வகை பம்ப் உள்ள வண்டிக்கு மட்டும்தான் இந்த முறை. காமன்ரயில் வகை இன்ஜினில் நாசில் குழாயைத் தளர்த்தவே கூடாது.

புகை சொல்லும் சேதி

கரும்புகை வந்தால் எரிய வேண்டிய காற்று போதவில்லை, அல்லது சுமை அதிகம். ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். புழுதி உழவிலும் கதிரடிப்பிலும் ஓடும் வண்டிக்கு அதுதான் முதல் சந்தேகம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். இன்ஜின் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா, ஆயில் பாத் ஏர் பில்டரில் கோட்டுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா என்று பார்த்து, சரி செய்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். காலையில் கொஞ்ச நேரம் வெண்புகை வந்து மறைவது சாதாரணம். சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கொதிக்கிறதா?

வைக்கோல் தூசும் புழுதியும் ரேடியேட்டர் இடுக்கில் அடைத்திருக்கும். பேன் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி காற்றடித்தால்தான் வெளியே வரும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும். பிறகு பேன் பெல்ட், ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஹோஸ். அதன் பிறகு தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். நீர் கொதிக்கும் முன்பே வாய் திறந்தால் நன்றாக இருக்கிறது. பல இடங்களில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடி, டீசலும் தேய்மானமும் கூடும்.

லிப்ட் தூக்கவில்லையா?

சமதரையில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். லீவர்கள் சரியான நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிராப்ட் லீவர் மாறிக் கிடந்ததற்கு பம்ப் மாற்றியவர்களும் உண்டு. டிப்பர் டிரெய்லர் இருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள். டிரெய்லர் நன்றாகத் தூக்கி, லிப்ட் கை மட்டும் தூக்காவிட்டால் பெரும்பாலும் பம்ப் நன்றாக இருக்கிறது. தூக்கிய கலப்பை இன்ஜினை நிறுத்தியதும் மெல்ல இறங்கினால் அது சீல் அல்லது வால்வு கசிவு. அதற்கு பம்பை மாற்றிப் பயனில்லை.

ஐந்து முறை 'ஏன்' கேளுங்கள்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ, 1978ல் வெளிவந்த தன் நூலில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். இயந்திரம் நின்றது, பியூஸ் போயிருந்தது. ஏன்? பேரிங் இறுகி சுமை கூடியது. ஏன்? ஆயில் போதவில்லை. ஏன்? ஆயில் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போனது. பியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதத்தில் மறுபடி நின்றிருக்கும்.

இதை நம் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். நாசில் ஏன் போனது? டீசலில் அழுக்கு. ஏன்? பில்டர் அடைத்துக் கிழிந்திருந்தது. ஏன் அவ்வளவு சீக்கிரம் அடைத்தது? டேங்கில் துருவும் தண்ணீரும். எங்கிருந்து? மூடியில்லாத பழைய கேனில் டீசல் வாங்கி, வடிகட்டாமல் ஊற்றியதிலிருந்து. மாற்ற வேண்டியது நாசிலோடு கேனையும்தான். ஒரே வருடத்தில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பெடலில் தளர்வு இருக்கிறதா, ஓட்டுபவர் காலை பெடல் மேலேயே வைத்து ஓட்டுகிறாரா என்று பாருங்கள்.

புது வண்டியில் கோடு வந்தால்

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின் மின்னணுக் கட்டுப்பாட்டு இன்ஜின்கள் வயலுக்கு வந்துவிட்டன. பழுது வந்தால் திரையில் ஒரு எண் வரும். அந்த எண் எந்த இணைப்பில் கோளாறு என்று சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று உறுதியாகச் சொல்லாது. சென்சார் எண் வந்ததும் சென்சார் வாங்காதீர்கள். எலி கடித்த ஒயர், ஈரம் புகுந்த கனெக்டர், சரியில்லாத எர்த் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை நோட்டில் குறித்த பிறகே அழிக்கவிடுங்கள்.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. கையேட்டையும் உதிரிபாக விவரத்தையும் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தானவை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். நாசில் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சார்ஜ் ஏறும் பேட்டரி அருகில் தீக்குச்சி, பீடி கூடாது. செல்ப் மோட்டார் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் போகாதீர்கள்.

மெக்கானிக்கிடம் பேசும் முறை

"நாசில் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். "சூடான பிறகு, கலப்பை இறங்கினால் இழுவை குறைகிறது, கரும்புகை வருகிறது, ஏர் பில்டர் சுத்தம் செய்தாயிற்று" என்று சொல்லுங்கள். எதை அளந்து பார்த்து மாற்றச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, தேதியும் ஓடிய மணியும் நோட்டில் எழுதுங்கள். சோதித்துச் சொல்லும் மெக்கானிக்குக்கு அந்த நேரத்துக்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள். தேவையில்லாத ஒரு பாகத்தின் விலையைவிட அது குறைவுதான்.

களப் பணியாளர்கள் ஆவணி மாதத்திலேயே கிராமத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டருடன் வண்டிகளை வரிசையாகச் சோதித்துக் கொடுக்கலாம். ஆலோசனைக்கு மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். முறையாகப் பயிற்சி பெற விரும்பும் இளைஞர்களுக்கு ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் தென்மண்டல பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் இருக்கிறது. வண்டி நின்றேவிட்டால், பழுது தெரியும்வரை உழவன் செயலி மூலம் அரசின் வாடகை டிராக்டருக்குப் பதிவு செய்து உழவை முடித்துக்கொள்ளுங்கள். அவசரம் உழவுக்குத்தான். பழுதை நிதானமாகத் தேடலாம்.