மாரிக்காலத்தில் திண்ணைத் தோட்டம்

திண்டுக்கல் சமவெளியிலிருந்து 18 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சிறுமலையை அடைவோர், அங்கு வாழையும் மிளகும் காப்பியும் செழித்திருக்கக் கண்டு மகிழ்வர். அத்தகைய வளமான மலையில், ஐப்பசி தொடங்கித் தை வரையில், ஒரு கட்டுக் கொத்துமல்லித் தழைக்காகப் பல இல்லங்கள் கீழ்நாட்டுச் சந்தையை எதிர்பார்த்திருக்கின்றன என்றால் படிப்போர் வியப்படையக்கூடும். பேருந்தில் வரும் தழை பாதி வாடியே வந்து சேரும். அடைமழையால் சந்தைக்கு வரத்துக் குறையின் விலையும் ஏறிவிடும். இதனை வெறும் சுவைக்குறை என்று தள்ளிவிட இயலாது. கண்பார்வைக்கு இன்றியமையாத வைட்டமின் ஏ சத்தாக உடலில் மாறும் கரோட்டீன் இத்தழைகளில் மிகுதி. கையில் காசு குறைந்த நாளில் கஞ்சிக்குத் துணை நிற்பதும் ஒரு துவையலே அன்றோ?

கொல்லையில் விதைத்தால் மழைநீரில் விதை அழுகிவிடுகிறது. முளைத்த நாற்றும் அடித்தண்டு நைந்து சாய்கிறது. இதற்குக் குளிரே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். அவ்வாறன்று. மல்லி குளிர்ச்சியை விரும்பும் பயிர்; கோடை வெப்பத்தில்தான் அது தழை பெருக்காமல் விரைவில் பூத்துவிடும். அதற்குப் பகையாவன வேரில் தேங்கும் நீரும், மூடுபனியால் நேரும் வெளிச்சக் குறைவுமே. ஐரோப்பிய நாடுகளில் இல்லத்தரசிகள் உறைபனிக்கு அஞ்சி மணத்தழைகளைச் சன்னலோரத் தொட்டிகளில் வளர்க்கின்றனர். நாம் அஞ்சவேண்டியது மழைக்கு. ஆயினும் கூரைக்கடியில் வளர்க்கும் அம்முறை நமக்கும் பொருந்தும்.

எந்தத் திண்ணையில் வைப்பது என்பதே முதற்கேள்வி. சிறுமலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. மார்கழியில் கதிரவன் நண்பகலிலும் உச்சிக்கு 30 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்து நிற்பான். எனவே தெற்கு நோக்கிய திண்ணையிலும் சன்னலிலும் வெயில் உள்ளே நுழையும். வடக்குத் தாழ்வாரத்தில் அது எட்டிப்பாராது. அங்கு வைத்த செடி வெளிறி நெடுத்துச் சாயும். எரு போதவில்லை எனக் கருதி மேலும் எரு இடுவது வீண். வீட்டுத் தோட்டம் என்றாலே விதைப் பொட்டலம் வழங்குவதோடு கடமை முடிந்ததாக நம்மில் பலர் எண்ணுகிறோம்; விதையைக் காட்டிலும் தெற்குத் திண்ணையே முக்கியம் என்பது நம் கருத்து.

வாய் உடைந்த பானையோ, எண்ணெய்த் தகரமோ, ஒரு சாண் ஆழமிருந்தால் போதும். அடியில் நான்கைந்து துளைகளிட்டு ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சமபாகமாகக் கலந்து நிரப்புக. பச்சைச் சாணம் ஆகாது. தனியா ஒவ்வொன்றிலும் இரு விதைகள் உண்டு. பலகைமேல் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை விரற்கடை ஆழத்தில் விதைக்கவேண்டும். நெடுநாள் இருப்பிலிருந்த தனியா முளைப்பது அரிது. நாற்றழுகலைத் தடுக்க, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதுண்டு. வீட்டுத் தொட்டிக்கு ஒரு சிட்டிகை போதும். 8 முதல் 15 நாட்களில் முளைக்கும். 40 நாட்களில் தழை பறிக்கலாம். பொறுமையில்லாதோர் வெந்தயம் விதைக்கலாம். நான்காம் நாளே முளைத்து, 25 நாட்களில் கீரையாகும். புதினாவுக்கு விதை தேடவேண்டா. இலை கிள்ளியபின் எறியும் தண்டுகளை நட்டாலே வேர்விடும். கறிவேப்பிலையை மட்டும் இப்பருவத்தில் தொட்டியில் தொடங்கவேண்டா. குளிரில் அதன் துளிர் உறங்கிவிடும்.

விரலால் தொட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் நீர் தெளிக்க. மாலையில் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று நோய் பற்றும். 10 நாட்களுக்கு ஒரு தொட்டியாக விதைத்து வந்தால் தழை இடையறாது கிட்டும். பறிக்கையில் நடுக்குருத்தை விட்டு வெளியிலைகளையே கிள்ளவேண்டும்.

தாய்மார்கள் ஒரு தடை கூறக்கூடும். மார்கழி, தை மாதங்களில் காப்பிக் கொட்டையும் மிளகும் உலர்த்துவதற்கு அதே தெற்குத் திண்ணை வேண்டுமே என்பர். நியாயமே. தகரங்களை உறி கட்டித் தாழ்வார உத்தரத்தில் தொங்கவிட்டால் திண்ணையும் மிஞ்சும், கோழிகளும் கிளறா. சொட்டும் நீர் கொட்டைமேல் விழாதிருக்க ஒவ்வொரு தகரத்தின் அடியிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டிவிடுக.