மாத்திரை தயார்... மனசு தயாரா? எச்.ஐ.வி-யைத் தடுக்கும் 'பிரெப்'பும் இளைஞர்களின் தயக்கமும்!

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?'

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டையே பேசவைத்த விளம்பரம் இது. இன்றைய இருபது வயதுக்காரர்களுக்கு இது நினைவில் இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் அப்பா, அம்மாவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்று 'வருமா?' என்று கேட்டோம். இன்று 'வராமல் தடுக்கவே மாத்திரை இருக்கிறது' என்கிறது மருத்துவம். ஆனாலும், அந்த மாத்திரையைப் பற்றிப் பேசவே நம் இளைஞர்கள் தயங்குகிறார்கள்.

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். கண்டறிந்தவர் டாக்டர் சுனிதி சாலமன் தலைமையிலான குழு. இன்று நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி-யோடு வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் 60,000-க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுகிறது. எனவே, 'அது அந்தக் காலத்துப் பிரச்னை' என்று ஒதுக்கிவிட முடியாது.

பிரெப் என்றால் என்ன?

எச்.ஐ.வி. தொற்று இல்லாத ஒருவர், அது வராமல் இருக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்துதான் பிரெப். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. தினமும் ஒன்று. வைரஸ் உடலுக்குள் நுழைந்தாலும் பெருகி நிலைகொள்ள விடாமல் தடுத்துவிடும். 2012-ல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. தொற்று அபாயம் அதிகமுள்ள அனைவருக்கும் இதைக் கொடுக்கலாம் என 2015-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தவறாமல் எடுத்துக்கொண்டால், உடலுறவு வழியாகத் தொற்று வரும் அபாயம் சுமார் 99 சதவிகிதம் குறையும்.

இவ்வளவு நல்ல மருந்துக்கு ஏன் தயக்கம்? இளைஞர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை!"

எச்.ஐ.வி. என்றாலே அது வேறு யாருக்கோ வருவது என்ற எண்ணம். 'அப்படிப்பட்டவர்' என்று ஓர் உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு, 'நான் அதில் இல்லை' என்று முடித்துவிடுகிறோம். வைரஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இணையரின் எச்.ஐ.வி. நிலை தெரியாமல் ஆணுறை இல்லாத உறவு, ஒருவருக்கு மேற்பட்ட இணையர்கள், அண்மையில் வந்த பால்வினை நோய்... அபாயத்தைத் தீர்மானிப்பவை இவைதான். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு அபாயம் கூடுதல். தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும், டாக்டரின் எதிரே உட்கார்ந்து அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் பலருக்கு இன்னும் வரவில்லை. சொன்னால்தானே மருந்தைப் பற்றிய பேச்சே தொடங்கும்?

"வீட்டுல பார்த்துட்டா என்ன சொல்றது?"

இதுதான் பெரிய பயம். ஆறு பேர் இருக்கும் வீடு, நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறை, திருவல்லிக்கேணி மேன்ஷன்... எங்கே ஒளித்துவைப்பது? மாத்திரையின் பெயரை யாராவது இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'எச்.ஐ.வி.' என்ற வார்த்தை. காரணம், டெனோஃபோவிர் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படும் மருந்து. நோய் வராமல் இருக்க மருந்து எடுப்பவரே, 'நோய் வந்தவர்' என்ற பெயரை வாங்கிவிடுவார்.

மருந்து ஒழுங்காக உள்ளே போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் ஆய்வே சாட்சி. ஆறு நாடுகளில் 2,499 பேர் பங்கேற்று, 2010-ல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வில் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம் தொற்று 44 சதவிகிதம் மட்டுமே குறைந்திருந்தது. பெரும்பாலானோர் 'ஒழுங்காகப் போடுகிறோம்' என்றே சொன்னார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் மருந்து இருந்தது. மருந்து இருந்தவர்களுக்கோ அபாயம் 92 சதிவிகிதம் குறைந்திருந்தது. ஆக, டப்பாவில் இருக்கும் மாத்திரை காப்பாற்றாது.

"மாத்திரை போட்டா, தப்பானவன்னு அர்த்தமா?"

இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிரெப் அறிமுகமான புதிதில், அதை எடுத்துக்கொண்டவர்களை அவர்களுடைய சமூகத்தினரே ஒழுக்கம் கெட்டவர்கள் என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிப் பெயரையே டி-ஷர்ட்டில் அச்சிட்டு அணிந்து பதில் சொன்னார்கள் சில இளைஞர்கள். ஹெல்மெட் வாங்குபவரைப் பார்த்து 'விபத்து பண்ணப் போகிறான்' என்று யாராவது சொல்கிறோமா? தன்னையும் தன்னோடு இருப்பவரையும் பாதுகாக்க நினைப்பவரை மட்டும் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

"நோயே இல்லாதவன் தினமும் மருந்து சாப்பிடணுமா?"

நியாயமான கேள்விதான். தொடக்கத்தில் சிலருக்குக் குமட்டல், தலைவலி வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு பாதிக்கப்படலாம் என்பதால் அவ்வப்போது பரிசோதனை அவசியம். வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியதில்லை. அபாயம் இருக்கும் காலத்துக்குப் போதும். எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

செலவும் ஒரு தடைதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான கூட்டு மருந்து சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். பிரெப்பைப் பெரும்பாலானோர் தனியார் டாக்டர் மூலம் சொந்தப் பணத்தில்தான் வாங்குகிறார்கள். முதல் சம்பளம் வாங்கும் பையனுக்கு அது சுமைதான்.

இதில் ஒரு முரணும் உண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் திட்டத்தில் பிரெப் கிடைக்காமல் இருந்தபோது, அங்குள்ள இளைஞர்கள் 2015-க்குப் பிறகு இணையம் வழியாக இந்திய ஜெனரிக் மாத்திரைகளை வரவழைத்துக்கொண்டார்கள். 2016-ல் லண்டனின் சில மருத்துவமனைகளில் புதிய தொற்று ஒரே ஆண்டில் சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. அதிகப் பரிசோதனை, உடனடிச் சிகிச்சை, பிரெப் மூன்றும் சேர்ந்து தந்த பலன் அது. நம் நாட்டில் தயாராகும் மாத்திரையை லண்டன் இளைஞர் தேடி வாங்குகிறார். நம் பையனுக்கோ அதன் பெயரே தெரியவில்லை.

ரகசியமாக வாங்கிப் போடலாமா?

கூடவே கூடாது. வெட்கத்தால் டாக்டரைத் தவிர்த்துவிட்டு, நண்பர் சொன்னார் என்று மாத்திரை வாங்குவதுதான் ஆபத்து. ஏற்கெனவே எச்.ஐ.வி. தொற்று இருந்து, அது தெரியாமல் பிரெப் எடுத்தால் வைரஸ் அந்த மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிடலாம். பிறகு சிகிச்சையே சிக்கலாகும். ஹெபடைட்டிஸ்-பி இருந்தால் மருந்தை நினைத்த நேரத்தில் நிறுத்துவதும் கல்லீரலுக்கு ஆபத்து. அதனால்தான் தொடங்கும் முன்பு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ்-பி, சிறுநீரகப் பரிசோதனைகளும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் 18 முதல் 22 வயது வரையிலான 200 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில் ஒரு விஷயம் தெரியவந்தது. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தவரை மாத்திரையை ஓரளவு ஒழுங்காகப் போட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றதும், ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிட்டது. இளைஞர்களுக்கு மாத்திரையோடு, முகம் சுளிக்காமல் விசாரிக்கிற ஒரு மனிதரும் தேவைப்படுகிறார்.

தினசரி மாத்திரைக்கு மாற்றும் வந்துகொண்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் என்ற தடுப்பு ஊசிக்கு அமெரிக்கா 2025 ஜூனில் ஒப்புதல் அளித்தது. இதன் ஜெனரிக் வடிவத்தை 2027 முதல் ஆண்டுக்கு சுமார் 40 டாலர் விலையில் வழங்கப்போவதாக ஹைதராபாத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. ஒளித்துவைக்க டப்பா இருக்காது. ஆனால், அந்த ஊசிக்கும் டாக்டரிடம் வாய் திறந்து பேசித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் கவனியுங்கள்!

* பிரெப் எச்.ஐ.வி-யை மட்டுமே தடுக்கும். சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் தடுக்காது. ஆணுறையைக் கைவிட வேண்டாம்.

* ஆணுறை கிழிந்துவிட்டது, பாதுகாப்பில்லாத உறவு நடந்துவிட்டது என்றால் அதற்கு 'பெப்' என்ற வேறு சிகிச்சை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள்கள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் டாக்டரைப் பார்க்கிறீர்களோ, அவ்வளவு நல்லது.

* எச்.ஐ.வி. உள்ளவர் ஒழுங்காகச் சிகிச்சை பெற்று, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலை தொடர்ந்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. அவரைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

* அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் சொல்கிறது.

* நேரில் கேட்கத் தயக்கமா? 1097 என்ற இலவச தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகனின் பையில் இந்த மாத்திரையைப் பார்க்க நேர்ந்தால், அதிர்ச்சியும் கோபமும் வருவது இயல்பு. கொஞ்சம் நிதானித்து, 'டாக்டரைப் பார்த்துத்தானே எடுக்கிற, டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டியா?' என்று மட்டும் கேளுங்கள். அடுத்த மூன்று மாதமும் அவன் அதை ஒளிக்காமல், மறக்காமல் போட அந்த ஒரு கேள்வி போதும்.