குலை காத்திருப்பதில்லை: செம்பனையும் வழங்கல் தொடரும்

'விநியோகச் சங்கிலி' என்னும் தொடர் இன்று நாளேடுகளில் பெருவழக்காகிவிட்டது. விநியோகம் என்றவுடன், முடிந்த சரக்கைக் கடைக்கு அனுப்புவதே பலர் நினைவுக்கு வருகிறது. ஆயின், அத்தொடர் சுட்டும் பொருள் மிக விரிந்தது. ஒரு பொருள் மண்ணில் விளைவது முதல் நுகர்வோரை அடைவது வரை அதனைத் தொடும் எல்லாக் கைகளும், அக்கைகளுக்கிடையே செல்லும் சரக்கும் செய்தியும் பணமும் அதனுள் அடங்கும். எனவே, இக்கட்டுரையில் அதனை 'வழங்கல் தொடர்' என்றே குறிக்கிறேன்.

தமிழ் பயின்றோர்க்கு இக்கருத்து புதிதன்று. இரு சொற்கள் சேருமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை மாற்றங்கள் நிகழும் என்பது நம் இலக்கணம். வணிகத்திலும் அவ்வாறே. ஒரு கை மறுகைக்குப் பொருளை மாற்றும் இடத்தில்தான் புதிய செலவு தோன்றுகிறது, தரம் திரிகிறது, பொருள் கெடுகிறது. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கோல சிலாங்கூர்த் தோட்டங்களே போதும்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் சாவகத்தின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழியே அது தென்கிழக்காசியாவில் பரவியது. மலாயாவில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொகோனியே உருவாக்கினார். அஃது அமைந்த இடம் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரம்; இன்று அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்தின் பெயரோ தமிழ்ச் செவிக்கு நன்கு பழகிய 'தென்னமரம்'. பின்னர், 1960களில் இரப்பர் விலை தளர்ந்தபோது, அரசும் தோட்ட நிறுவனங்களும் செம்பனையை நாடின. நம் முன்னோர் பால் வெட்டிய நிரைகளில் செம்பனை எழுந்தது.

இம்மாற்றத்தால் பயிர் மட்டுமன்றிக் காலக்கணக்கும் மாறியது. இரப்பர்ப் பாலைத் தாளாக்கி உலர்த்திப் புகையூட்டிவிட்டால், அது மாதக்கணக்கில் கிடங்கில் காத்திருக்கும். செம்பனைக் குலை அவ்வாறு காத்திருப்பதில்லை. குலையை வெட்டியதும், குறிப்பாகப் பழம் நசுங்கியதும், அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. அதனால் தனிக் கொழுப்பமிலம் பெருகுகிறது. ஆலையில் நீராவியால் அவித்த பின்னரே நொதி அடங்கும். ஆகவேதான், வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையை அடைய வேண்டும் என்பது இத்தொழிலின் விதி. கச்சா எண்ணெயில் இவ்வமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது வணிக அளவுகோல். அமிலம் மிகுந்தால் அதனைப் பிரித்து நீக்க வேண்டும், அந்த அளவுக்குச் சுத்திகரிப்பாலைக்குக் கிடைக்கும் நல்லெண்ணெய் குறையும், விலையும் குறையும்.

இனி, இத்தொடரின் இணைப்புகளைக் காண்போம். காயாக வெட்டினால் எண்ணெய் குறைவு. காலந்தாழ்த்தி வெட்டினால் பழங்கள் உதிரும். எண்ணெய் நிறைந்த அவ்வுதிரிகளைப் பொறுக்க ஆளில்லையேல் அவை மண்ணில் மட்கும். மழையில் தோட்டப் பாதை சேறானால் குலை வழியோரத்தில் கிடக்கும். லாரி அரைச்சுமையோடு சென்றால் ஒரு டன்னுக்கான வாடகை ஏறும்; முழுச்சுமைக்குக் காத்தால் தரம் இறங்கும். ஆலை வாயிலில் வரிசை நீண்டால் ஓட்டுநரின் நேரமும் பழத்தின் தரமும் ஒருங்கே வீணாகும். தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவரும் தம் வேலையைச் செவ்வனே செய்திருப்பர். இழப்பு அவர்களுக்கு இடையில் நிகழ்கிறது.

அவ்விழப்பு எவ்வளவு? நூறு டன் குலையிலிருந்து ஏறத்தாழ 20 டன் எண்ணெய் கிடைக்கும். ஓர் ஆலை நாளொன்றுக்கு 600 டன் குலையைப் பிழிகிறது எனவும், எண்ணெய் விலை டன்னுக்கு 4,000 ரிங்கிட் எனவும் கொள்வோம். காய்க்குலையாலும் உதிரி இழப்பாலும் பிழிவு விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 19 ஆகக் குறைந்தால், நாளொன்றுக்கு 6 டன் எண்ணெய், அதாவது 24,000 ரிங்கிட் நட்டம். மாதத்தில் 25 நாள் வேலை எனின், நட்டம் 6 இலட்சம் ரிங்கிட். உரச் செலவும் கூலியும் ஒரு காசும் குறையாதபோதே இந்நட்டம் நேர்கிறது.

போட்டித்திறனின் வேர் இங்குள்ளது. செம்பனை எண்ணெயின் விலையை ஒரு தோட்டமோ ஓர் ஆலையோ தீர்மானிப்பதில்லை. சோயா, சூரியகாந்தி எண்ணெய்களோடும், உலகின் முதல் உற்பத்தியாளரான இந்தோனேசியாவின் செம்பனையோடும் போட்டியிட்டு உலகச் சந்தையே தீர்மானிக்கிறது. விலையை உயர்த்த இயலாதவருக்கு எஞ்சியிருக்கும் வழி செலவைச் சீர்செய்வதே.

ஆயினும், செலவைக் குறைப்பது வேறு; செலவைக் கீழே தள்ளுவது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பழத்தின் விலை, அதிலிருந்து கிடைக்கும் எண்ணெய் விழுக்காட்டை ஒட்டியே கணிக்கப்படுகிறது. சில ஏக்கர் மட்டுமே உடைய சிறு நிலத்தாருக்குச் சொந்த லாரி இல்லை. இடைவணிகர் வழியாகவே விற்கிறார். வண்டி ஒருநாள் தாமதித்தால், தர மதிப்பீட்டில் கழிபடுவது அவர் வருமானம். தாமதம் யாருடையதாயினும் தண்டம் அவருக்கே. செலவு அங்கே மறையவில்லை. கணக்கேட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது, அவ்வளவே.

கீழே தள்ளிய செலவு ஒருநாள் மேலே திரும்பி வரும். 2020இல் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டு அயல்நாட்டுத் தொழிலாளர் வரவு நின்றபோது, அறுவடைச் சுற்றுகள் நீண்டன. பழம் மரத்திலேயே அழுகியது. குறைந்த கூலிக்கு வெளியாரையே நம்பியிருந்த தொடரின் நலிவு அப்போது வெளிப்பட்டது. அதே ஆண்டில், கட்டாய உழைப்பு பற்றிய குற்றச்சாட்டுகளின் பேரில், மலேசியாவின் இரு பெருஞ்செம்பனை நிறுவனங்களின் பொருள்களை அமெரிக்கச் சுங்கத்துறை தன் நாட்டுக்குள் நுழையவிடாமல் தடுத்தது. தொழிலாளர் விடுதியில் மிச்சப்படுத்திய காசுக்குத் துறைமுகத்தில் சந்தையையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இவ்வரலாற்றின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அங்ஙனமாயின், நல்ல மேலாண்மை யாது? இணைப்புகளைச் செப்பனிடுவது. நாளை எத்தனை டன் வரும் என்பதைத் தோட்டம் இன்றே ஆலைக்கு அறிவிப்பது. லாரிகளுக்கு நேரம் ஒதுக்கி வாயில் வரிசையைக் குறைப்பது. மழைக்கு முன்பே பாதையைச் செம்மை செய்வது. உதிரி பொறுக்குவோருக்குத் தக்க கூலி தருவது. சிறு நிலத்தார் கூட்டாக ஒரு வண்டியை அமர்த்திக்கொள்வது. இவற்றுள் எதுவும் பெரும் பொறியையோ பெரும் முதலையோ வேண்டுவதன்று.

வணிகவியலைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள், கலைச்சொல்லை எழுதிப் போட்டு அதன் பொருளை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. மாணவரை அருகிலுள்ள ஆலை வாயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு லாரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குச் சுமையிறக்கியது, அதற்கிடையே கழிந்த நேரத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் வினாவுக்கு விடை தேடும் மாணவர், வழங்கல் தொடரை உண்மையாகவே கற்கத் தொடங்கிவிட்டார்.